சம்பந்தியோடு ஷாலிமாருக்கு

என் மகள் என்னை அம்மா என்று கூப்பிடுவாள்; தன் மாமியாரை அம்மி என்று கூப்பிடுவாள். உருதுவில் அம்மி என்றாலும் தாய்தான். எங்கள் மொழியில் அது மிளகாய் அரைக்கிற கல். இதை நினைத்து ரயிலில் தனியாகச் சிரித்திருக்கிறேன். சிரித்து முடிவதற்குள் நெஞ்சில் மிளகாய் அரைத்தது போல எரியும்.

அபியின் கலியாணம் கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் ஒரு நகரசபைக் கட்டடத்தில் நடந்தது. தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அங்கே யாரும் அம்மி மிதிக்கவில்லை; ஆனால் ஓர் அம்மி அவளுக்குக் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை இம்ரான் டென்மார்க்கிலேயே பிறந்து வளர்ந்த பாகிஸ்தான்காரப் பிள்ளை. என் கணவர் சில வாரங்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் மருமகனின் காருக்குக் குளிர்கால டயர் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து, “பெடியன் பரவாயில்லை” என்றார். அத்தோடு அவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. எனக்கு மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவைத்தான் தாங்க முடியவில்லை.

நாங்கள் இருப்பது மேற்கே, யூட்லாந்துப் பக்கத்து வைலேயில். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அபி இருப்பது கோபன்ஹேகனை ஒட்டிய டோஸ்ட்ருப்பில், மாமியார் நஸ்ரீன் இருக்கும் அதே மாடிக் குடியிருப்பில், ஒரு மாடி மேலே. நான் இரண்டு வேலைமுறைகளுக்கு இடையில் ஒரு நாளைக் கண்டுபிடித்து, வறுத்த மாவும் மிளகாய்த்தூளும் பையில் போட்டுக்கொண்டு, கடலுக்கு மேலே போகும் பெல்ட் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்வேன். நஸ்ரீன் வீட்டுச் செருப்போடு மாடியேறி வருவார். நான் கொண்டுபோன புட்டு மா அலமாரியின் பின்தட்டுக்குப் போகும். முன்தட்டில் அவருடைய பருப்பு டப்பாக்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அபி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்தே நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். டென்மார்க்கில் பிள்ளை வளர்த்த எல்லாருக்கும் இது தெரியும். மழையைப் போல இதற்கும் பழகிவிடுவோம். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு அவள் மாலை வகுப்புக்குப் போய் உருது படித்தாள் என்று தெரிந்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. டேனிஷ் பள்ளிக்கூடம் கொடுத்தது, அதை என்ன செய்வது. உருதுவை அவளாகத் தேடிப் போய்ப் படித்திருக்கிறாள்.

இந்த நிலையில்தான் அபி தொலைபேசி எடுத்தாள். நஸ்ரீனின் தங்கை ருக்ஸானாவின் மகனுக்கு லாகூரில் கலியாணமாம். இம்ரானுக்குப் புது வேலை, லீவு இல்லை. அபியும் நஸ்ரீனும் போகிறார்களாம். நானும் வரவேண்டுமாம். அபி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

“நான் ஏன் அங்க?” என்று கணவரிடம் கேட்டேன்.

“போக விருப்பமில்லாட்டி நில்லும்.”

“நான் நிண்டால் பிள்ளை முழுக்க அவையின்ர கையுக்கை போயிடும்.”

“அப்ப போம். போறதெண்டால் முகத்தை நீட்டிக்கொண்டு போகாதையும்.”

நான் போனேன். முகத்தையும் நீட்டிக்கொண்டுதான் போனேன்.

லாகூரில் விமானம் இறங்கவில்லை. பனிமூட்டம். டென்மார்க்கில் நாங்கள் காணும் கடல்மூட்டம் வெள்ளையாக, மெல்லியதாக இருக்கும். இது மஞ்சள் பூத்துப் புகையும் தூசியும் கலந்தது. எங்களை இஸ்லாமாபாத்தில் இறக்கி ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். பாதி வழியில் நெடுஞ்சாலையையும் மூடிவிட்டார்கள். வைலேயில் ரயில் கொஞ்சம் பிந்தினாலே மன்னிப்பு அறிவிப்பு வரும். இங்கே யாரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. சாலையோர உணவு விடுதியில் இறங்கி, பக்கோடாவும் பாலில் கொதித்த தேநீரும் வாங்கிக்கொண்டு, வந்த இடத்திலேயே குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டார்கள்.

அங்கேதான் என் மகள் உருது பேசுவதை முதல்முறையாக நீண்ட நேரம் கேட்டேன். பக்கத்து மேசைப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு அவளிடம் பேச்சுக் கொடுத்தாள். அபி பேசும்போது கை ஆடியது, புருவம் ஏறி இறங்கியது. டேனிஷில் பேசும்போது அவள் கைகள் மடியில் கிடக்கும். அந்தப் பெண் என்னமோ சொல்ல, அபி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

நஸ்ரீன் எனக்கு மொழிபெயர்த்தார். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருப்பது டேனிஷ் ஒன்றுதான். என்னுடையதில் யூட்லாந்து வாடை; அவருடையதில் தலைநகர் அவசரம். இரண்டும் நொண்டும்.

“உன் ஊர் எது என்று கேட்டாள்” என்றார் நஸ்ரீன். “டென்மார்க், ஆனால் என் மாமியார் லாகூர் பாக்பான்புராக்காரி, அதனால் நானும் பாதி லாகூர்தான் என்று அபி சொன்னாள்.”

யாழ்ப்பாணம் என்று அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கோடாவை வைத்துவிட்டேன். மிளகாய் கூடிப்போச்சு என்று சொன்னேன்.

ருக்ஸானாவின் வீடு ஷாலிமார் தோட்டத்துக்குப் பக்கத்துப் பகுதியில், ஒரு நெருக்கமான சந்துக்குள் இருந்தது. வீட்டில் கலியாணச் சனம். மெத்தைகள், ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைகள், பிள்ளைகள், தையற்காரர், தொங்கவிட்ட மின்விளக்குச் சரங்கள். எனக்கு ஒதுக்கிய அறையில் எரிவாயு அடுப்பொன்றை எரியவிட்டிருந்தார்கள், நான் குளிரில் நடுங்குவேனாம். டென்மார்க்கிலிருந்து வந்தவளுக்கு இந்தக் குளிரா என்று நினைத்தேன். ஆனால் டென்மார்க்கில் குளிர் வெளியே நிற்கும், வீட்டுக்குள் வராது. இங்கே குளிர் நம்மோடு கட்டிலில் படுத்தது.

‘அபி’ என்றால் உருதுவில் ‘இப்போதே’ என்று பொருளாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டு. “எப்போது சாப்பாடு?” என்று ஒருவன் கத்துவான், “அபி!” என்று மற்றவர்கள் கத்துவார்கள், என் மகள் “என்ன?” என்று ஓடி வருவாள். அபிராமி என்று நான் பார்த்துப் பார்த்து வைத்த பெயர். அந்த வீட்டில் ஒரே நாளில் அது அவர்களுடைய பெயராகிவிட்டது.

காலையில் பூரியும் சூடான ரவை அல்வாவும். மத்தியானம் கடுகுக் கீரையும் சோள ரொட்டியும், மேலே ஒரு கட்டி வெண்ணெய். இரவில் கேரட் அல்வா. அபி ரொட்டியைப் பிய்த்துக் கீரையை அள்ளிச் சாப்பிட்டாள். இதே பிள்ளைக்கு நான் கீரை ஊட்ட வீடு முழுக்கத் துரத்தியிருக்கிறேன். கேரட்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்த பிள்ளை, கிண்ணத்தை வழித்துவிட்டு இன்னும் கேட்டாள். நஸ்ரீன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அது அன்பான சிரிப்புத்தான். எனக்கு அது வென்றவளின் சிரிப்பாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் வெள்ளியில் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை. யாரிடமும் சொல்லவில்லை, சும்மா ரொட்டியும் தயிரும் சாப்பிட்டால் போகிறது என்று இருந்தேன். சமையலறைக்குப் போனால், எனக்கென்று தனிப் பானையில் பருப்பும், தனிச் சட்டியில் உருளைக்கிழங்கும் இருந்தன. எந்தக் கரண்டியை எந்தச் சட்டியில் போடக்கூடாது என்று நஸ்ரீன் தங்கையை விரட்டிக்கொண்டிருந்தார். டோஸ்ட்ருப்பில் எப்போதோ ஒருநாள் நான் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார். கெட்ட மனுசியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

கலியாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. பனிமூட்டம் கொஞ்சம் விலகி வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலையில், தோட்டம் பார்க்கப் போகலாம் என்றார் நஸ்ரீன்.

இந்தத் தோட்டத்தைப் பற்றி டோஸ்ட்ருப்பில் நான் கேட்காத நாளில்லை. ஷாஜகான் கட்டியது. மூன்று தட்டு. நூற்றுக்கணக்கான நீரூற்றுகள். அரசர் பளிங்கு மேடையில் இருப்பார், சுற்றிலும் தண்ணீர் பாடும். கோபன்ஹேகன் பக்கத்தில் எந்த அரண்மனைத் தோட்டத்துக்குப் போனாலும் நஸ்ரீன் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஷாலிமார்...” என்று முடிக்காமல் விடுவார். அபியும், தான் பார்க்காத அந்தத் தோட்டத்தைக் கண்ணால் கண்டவள் போல அவரோடு சேர்ந்து பெருமூச்சு விடுவாள்.

சீட்டு வாங்கும் இடத்திலேயே முதல் அடி. அபி உருதுவில் கேட்டாள். உள்ளூர்ச் சீட்டுக் கிடைத்தது. நான் அவள் பின்னால் நின்றேன். காவலாளி என்னைக் கையால் மறித்து, வெளிநாட்டவர் சன்னலைக் காட்டினார். ஒரே நிறத்துக் கடவுச்சீட்டு, ஒரே மூக்கு, ஒரே நெற்றி. அவள் உள்ளூர், நான் வெளிநாடு. அபிக்குச் சிரிப்பு. “அம்மா, ஒன்றும் இல்லை, விடுங்கள்” என்றாள் டேனிஷில். நான் என் சீட்டைத் தனியாக வாங்கிக்கொண்டு தனியாக உள்ளே போனேன்.

உள்ளே போனதும் வாய் அடைத்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. உயர்ந்த சிவப்பு மதில், அதன் உள்ளே சதுரம் சதுரமாகப் புல்வெளி, நடுவே நேர்கோடாக ஓடும் கால்வாய், அதன் நடுவே வரிசையாக ஊற்றுக் குழாய்கள். மாமரமும் நாவலும் இருந்தன. மரத்துக்கு மரம் அணில். வெளியே பெருஞ்சாலையின் இரைச்சலும், மேலே தூண்களில் ஓடும் ரயிலும் மதிலுக்கு இந்தப் பக்கம் வந்ததும் அடங்கிவிட்டன. வெயில் விழுந்த இடமெல்லாம் குடும்பங்கள் விரிப்பு விரித்துத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடப் பெண்கள் ஒரு கூட்டம், ஒருத்தி மற்றவளிடம், “அரசிகள் இங்கே என்னதான் செய்தார்கள், நாள் முழுக்கச் சும்மாவா இருந்தார்கள்?” என்று கேட்டாளாம். மற்றவள், “மாமியாரிடமிருந்து ஒளிந்திருப்பார்கள்” என்றாளாம். நஸ்ரீனே இதை மொழிபெயர்த்துவிட்டுச் சிரித்தார்.

அந்தக் காலத்தில் கீழ்த்தட்டு வழியாக நுழைந்து, ஒவ்வொரு தட்டாக ஏறி, கடைசியில்தான் மேல்தட்டுக்கு வருவார்களாம். மேல்தட்டு அரசருக்கும் அந்தப்புரத்துக்கும் மட்டும். இப்போது வாசல் மேல்தட்டில். சீட்டு வாங்கிய எல்லாரும் முதல் காலடியிலேயே அந்தப்புரத்துக்குள் நிற்கிறோம், பிறகு கீழே இறங்குகிறோம்.

எல்லாம் சரி. ஆனால் தண்ணீர் இல்லை. ஒரு ஊற்றுக்கூட ஓடவில்லை. கால்வாயில் அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரும் காய்ந்த இலைகளும். நடுத்தட்டில் பெரிய தடாகம் இருந்தது. அதன் நடுவே பளிங்கு மேடை. தடாகமும் பாதி வறண்டு கிடந்தது.

நஸ்ரீனின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு குழாயாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். யாரிடமோ கேட்டார். விசேஷ நாளில் மட்டும்தான் திறந்துவிடுவார்களாம். எனக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. மூன்று வருடமாகக் கேட்ட நீரூற்று, இதுதானா. அந்தச் சந்தோசத்தை நான் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம்.

“வைலேயில் கடைத்தெரு ஊற்றுக்கூடக் கோடை முழுக்க ஓடும்” என்றேன், டேனிஷில், இரண்டு பேருக்கும் கேட்க.

நஸ்ரீன் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அம்மா, போதும்” என்றாள் அபி. அவள் போய் நஸ்ரீனின் கையைக் கோத்துக்கொண்டாள். இருவரும் முன்னால் நடந்தார்கள். தண்ணீர் விழும் மண்டபம் ஒன்று கீழே இருக்கிறது, அதன் சுவரில் சின்னச் சின்ன மாடங்கள், பகலில் பூவும் இரவில் விளக்கும் வைப்பார்கள், தண்ணீர்த் திரைக்குப் பின்னால் தெரியும் என்று நஸ்ரீன் சொல்வது காதில் விழுந்தது. வறண்ட சுவரைக் காட்டப் போகிறார் என்று நான் பின்னால் நடந்தேன்.

கீழே இறங்கும் படியில் அபி நின்றாள். ஒரு கை வயிற்றில், ஒரு கை சுவரில்.

“அம்மி” என்றாள்.

நான் அவளுக்குப் பின்னால் இரண்டு படி தள்ளி நின்றேன். அவள் திரும்பவில்லை. அந்தச் சொல் என் காதில் விழுந்தபோது முதலில் பொறாமைதான் வந்தது. அதன் பிறகுதான் பயம் வந்தது. அந்த வரிசையை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு அவள் சல்வாரில் இரத்தம் கண்டேன்.

நஸ்ரீன் படியிலேயே இருந்துவிட்டார். வாய் ஓதத் தொடங்கியது. எனக்கு இரத்தம் புதிதல்ல, வேலையில் கண்டிருக்கிறேன். அபியைப் புல்லில் படுக்க வைத்தேன். என் சால்வையைச் சுருட்டி இடுப்புக்குக் கீழே வைத்தேன். வலி விட்டு விட்டு வருகிறதா, ஒரே சீராக இருக்கிறதா என்று கேட்டேன். ஆனால் அந்தத் தோட்டத்தில் இருந்த ஒருவரிடமும் எனக்கு ஒரு சொல் சொல்லத் தெரியாது.

“நஸ்ரீன், எழும்புங்க” என்றேன். தமிழில் வந்துவிட்டது. பிறகு டேனிஷில் கத்தினேன். “கட்டில் வேண்டும். நாலு பேர் வேண்டும். கார் வேண்டும். நடக்க விடக்கூடாது.”

அவர் எழுந்தார். நான் டேனிஷில் சொல்லச் சொல்ல அவர் அதைப் பஞ்சாபியில் கத்தினார். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை. தோடம்பழம் தின்றுகொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து, சால்வைகளைப் பிடித்து மறைப்புக் கட்டி நின்றார்கள். யாரோ ஒரு ரஜாயைப் போர்த்தினார்கள். காவலாளியின் கயிற்றுக் கட்டில் வந்தது. வாசல் மேல்தட்டில் என்பதால், அரச குடும்பம் போன வழியாகவே முன்பின் தெரியாத நான்கு ஆண்கள் என் மகளைப் படியேற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஒரு பக்கம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், மற்றப் பக்கம் நஸ்ரீன்.

விரிப்பு விரித்திருந்த குடும்பமொன்று தங்கள் காரைக் கொடுத்தது. சாலையில் ஒரு கலியாண ஊர்வலம். குதிரை, மேளம், பணமாலை போட்ட மாப்பிள்ளை. கார் நகரவில்லை. நஸ்ரீன் இறங்கிப் போனார். என்ன சொன்னாரோ, மேளம் நின்றது; குதிரையை ஓரத்துக்கு இழுத்தார்கள். மாப்பிள்ளை குதிரை மேலிருந்து எங்கள் காரைப் பார்த்துக் கையேந்தி எங்களுக்காகத் துஆ செய்தான்.

மருத்துவமனையில் அபியை உள்ளே கொண்டுபோனதும் நாங்கள் இருவரும் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். சுவரில் பச்சைச் சாயம். எதிரே ஒரு கிழவர் மருந்துப் பையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது.

“வயிற்றுப்பிள்ளைக்காரியை இவ்வளவு தூரம் ஏன் கூட்டி வந்தீர்கள்?” என்று கேட்டேன். “இந்தக் காய்ந்த தோட்டத்தைக் காட்டவா?”

நஸ்ரீன் என் பக்கம் திரும்பினார். அவர் கண் சிவந்திருந்தது. கோபமும் இருந்தது, அவர் கோபத்தை அன்றுதான் கண்டேன்.

“நான் வேண்டாம் என்றேன்” என்றார். “குழந்தை பிறந்த பிறகு போகலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. சரி, நானும் அவளும் மட்டும் போவோம் என்று நினைத்தேன். எனக்கு மகள் இல்லை. என் ஊரை ஒரு மகளுக்குக் காட்டுவது போல இருக்கும் என்று ஆசைப்பட்டேன். அவள், அம்மாவும் வரவேண்டும் என்றாள்.”

அவர் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“வைலேக்கு எப்போது போனாலும் அம்மா வேலைக்குப் போகிறா, இல்லாவிட்டால் வேலையால் வந்து தூங்குகிறா என்றாள். டென்மார்க்கில் அம்மா எனக்குக் கிடைக்க மாட்டா, அங்கே வந்தால் வேலை இல்லை, ஓட முடியாது என்றாள். அதற்காகத்தான் உங்களைக் கூட்டி வந்தாள். நீங்கள் வந்த நாளிலிருந்து அவளோடு பேசினீர்களா?”

அவருடைய நொண்டி டேனிஷில் இவ்வளவும் வர நேரம் எடுத்தது. ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம். அந்த மனுசி என்னைக் கண்டு இத்தனை நாளும் எரிந்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பெண் மருத்துவர் வெளியே வந்து உருதுவில் சொன்னார். நஸ்ரீன் அவரைக் கையால் நிறுத்தி, என்னைக் காட்டி, “இவர்தான் தாய். இவருக்குச் சொல்லுங்கள்” என்றது போல ஏதோ சொன்னார். மருத்துவர் எனக்காக மெதுவான ஆங்கிலத்துக்கு மாறினார். குழந்தை நன்றாக இருக்கிறது. நச்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது. இரத்தம் நின்றுவிட்டது. ஆனால் சில வாரங்களுக்குப் படுக்கைதான், விமானம் கூடாது. குழந்தையின் நெஞ்சுத்துடிப்பை எங்களுக்குக் கேட்க விட்டார். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது. நானும் நஸ்ரீனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தோம், யார் முதலில் பிடித்தது என்று தெரியாது.

அன்று மாலை அபியிடம் நான் ஒன்றும் விசாரிக்கவில்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் கால் நீட்டி இருந்தேன். முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா தினமும் என்னைத் தன் மனைவி என்று நினைத்துச் சண்டை பிடிப்பதைச் சொன்னேன். அவள் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதீர்கள் என்றாள். இருட்டும்வரை கதைத்தோம். எங்கள் வீட்டில் இப்படிக் கதைத்து எவ்வளவு காலம்.

கலியாணம் நடந்தது. சந்து முழுக்க விளக்கு. நாங்கள் மாறி மாறி அபியோடு அறையில் இருந்தோம்.

அதற்குள் என் விசா முடியும் நாள் வந்துவிட்டது. அபிக்கும் நஸ்ரீனுக்கும் விசா இல்லாமல் தங்கவிடும் அந்த நாட்டு அட்டை இருந்தது; எனக்குக் குறுகிய விசா. ருக்ஸானாவின் கணவர் என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் பதில் வர வாரங்கள் ஆகும் என்றார்கள். நான் போகவேண்டும். நஸ்ரீன் நிற்பார். பிள்ளையை அவர்கள் கையில் விடமாட்டேன் என்று வந்தவள், பிள்ளையை அவர் கையில் விட்டுவிட்டுப் போகிறேன்.

போவதற்கு முதல் நாள் ருக்ஸானாவின் சமையலறையில் மல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்க வைத்தேன். உளுந்து வறுத்து இடித்துக் களி கிண்டினேன். நஸ்ரீன் பக்கத்தில் நின்று பார்த்தார். எவ்வளவு உப்பு, எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அபிக்குச் சுகமில்லாத நாளில் உள்ளங்காலை நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டால் உடனே தூங்கிவிடுவாள். அது எனக்கு மட்டும் தெரிந்தது. அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்துக்கு நஸ்ரீன்தான் கூட வந்தார். உள்ளே போகும் வாசலில் அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு கொஞ்சத் தூரம் போய்விட்டேன். பிறகு திரும்பி வந்தேன்.

“உள்ளங்கால்” என்றேன். அந்தச் சொல்லுக்கு டேனிஷ் வரவில்லை. குனிந்து என் சப்பாத்தைத் தொட்டுக் காட்டினேன். “இரவில். நல்லெண்ணெய். இரண்டு கையாலும்.”

நஸ்ரீன் தன் கையை விரித்துப் பார்த்தார். தலையாட்டினார். காவலர் என்னை உள்ளே போகச் சொன்னார்.

வைலேயில் மழை. வீட்டில் குளிரில்லை, வாசமும் இல்லை. நான் அடுத்த நாளே வேலைக்குப் போனேன். அபி படுத்திருக்கும் அறையை நினைத்தபடி மற்றவர்களின் படுக்கையை விரித்தேன். ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு எரிச்சல் வந்தது. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அபி கூப்பிட்டாள். நான் வழமைபோல, “எப்பிடி இருக்கிறாய் பிள்ளை?” என்றேன்.

“அம்மா, எனக்கு விசர் பிடிக்குது” என்றாள்.

தமிழ். ஏழு வயதுப் பிள்ளையின் தமிழ், அந்த வயதில் விட்ட இடத்திலேயே நின்ற தமிழ். நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“என்ன பிள்ளை?”

“இவா என்னை எழும்ப விடுறா இல்லை. ஒவ்வொரு நேரமும் பால். பாலுக்குள்ள பாதாம். எனக்குப் பால் வேண்டாம். டீவி பெரிய சத்தம். எல்லாரும் அழுற நாடகம்.”

“அவ எங்க?”

“இங்கதான். எனக்குப் பக்கத்தில. உருதுவில சொன்னால் விளங்கும். டேனிஷில சொன்னாலும் விளங்கும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இப்ப என்னைப் பார்த்துச் சிரிக்கிறா. பாவம். ஆனால் அம்மா, அந்தப் பால்.”

“அப்பிடிச் சொல்லாதை, அவ உனக்காகத்தானே நிக்கிறா” என்றேன். சொல்லிவிட்டு, “வேற என்ன செய்யிறா?” என்று கேட்டேன்.

அபி சொன்னாள். தெரியாத சொல் வந்த இடத்தில் நின்றாள், நான் எடுத்துக்கொடுத்தேன், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். ரஜாய் பாரம். அறைக்குள் சன்னல் திறக்கக்கூடாது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஓதித் தலையில் ஊதுகிறா. அடுத்த நாளும் கூப்பிட்டாள். அதற்கு அடுத்த நாளும்.

கணவர் சோபாவில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியை வைத்ததும் கேட்டார்.

“என்னவாம்?”

“மாமியைப் பற்றிக் குறை சொல்றாள்.”

“அதுக்கேன் நீர் சிரிக்கிறீர்?”

“நான் சிரிக்கேல்லை” என்றேன்.